கிளஸ்டர் சர்வர்களில் ஹோஸ்ட்நேம் சிக்கல்: எந்த வரிசையில் பார்த்துச் சரிசெய்வது

பிங் போகிறது. டிக் கட்டளை சரியான முகவரியைக் காட்டுகிறது. ஆனாலும் இரண்டாவது நோடு (கூட்டாக இயங்கும் சர்வர்களில் ஒன்று) கிளஸ்டரில் சேர மறுத்து, இணைப்பு நிராகரிக்கப்பட்டது என்று லாக்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது. இந்த இடத்தில் புதியவர்கள் முதலில் சந்தேகப்படுவது பெயரை முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வரைத்தான். அதிலேயே அரை நாள் போய்விடும். நான் பார்த்தவரை தவறு பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதே இல்லை. ஒரு நோடு தன் பெயருக்கு (ஹோஸ்ட்நேமுக்கு) ஒரு முகவரியை வைத்திருக்கும். மற்ற நோடுகள் அதே பெயருக்கு வேறொன்றை வைத்திருக்கும். அவ்வளவுதான்.

கீழே உள்ளவை லினக்ஸ் சர்வர்களுக்கான படிகள். எடுத்துக்காட்டாக மூன்று நோடுகளை வைத்துக்கொள்வோம்: நோடு1 என்பது 10.20.0.11, நோடு2 என்பது 10.20.0.12, நோடு3 என்பது 10.20.0.13. டொமைன் பெயர் கிளஸ்டர்.இன்டர்னல். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையது சரியாகிவிட்டது என்று நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

எல்லா நோடுகளிலும் ஐபி முகவரியைக் கொண்டே எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, டெர்மினல்களைத் திறந்தபடி வையுங்கள். பெயரைக் கொண்டு நுழைந்தால், பெயர்களைத் திருத்தும் வேலையின் நடுவில் உங்கள் கதவே அடைபட்டுப் போகலாம்.

அடுத்து, எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: நோடின் குறும்பெயர் (நோடு1), முழுப்பெயர் (நோடு1.கிளஸ்டர்.இன்டர்னல்), ஐபி முகவரி. சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் அட்டைகள் இருந்தால், கிளஸ்டர் போக்குவரத்து எதன் வழியே போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இதை வீண் வேலை என்று நினைப்பவர்கள் பிறகு 'இந்த முகவரி சரியா தவறா' என்று ஒவ்வொரு வெளியீட்டின் முன்னாலும் யோசித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர்களையே ஒருமுறை பாருங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், நடுக்கோடு ஆகியவை மட்டும் போதும். அடிக்கோடு வேண்டாம், ஹோஸ்ட்நேம் விதிப்படி அது செல்லாது. லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும், ஜாவாவின் யுஆர்ஐ வகுப்பு அடிக்கோடு உள்ள பெயரை ஹோஸ்ட்டாகவே ஏற்காமல் வெறுமையைத் திருப்பித் தரும். டொமைனுக்கு '.லோக்கல்' என்ற முடிவும் வேண்டாம். காரணம் 6-ஆம் படியில் வருகிறது. '.இன்டர்னல்' என்பதை 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கிவிட்டது. அதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: சேவை, அதாவது கிளஸ்டரில் சேர வேண்டிய மென்பொருள், எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சேவையை இப்போதே மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். தடயம் எல்லாம் அதனிடம்தான் இருக்கிறது.

2. சேவை கேட்கும் வழியிலேயே நீங்களும் கேளுங்கள்

டிக், என்எஸ்லுக்அப் இரண்டும் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்பவை. நோடிலேயே உள்ள பெயர்-முகவரிப் பட்டியலான /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பை அவை திறப்பதே இல்லை. பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் உள்ள வரிசையையும் மதிப்பதில்லை. உங்கள் சேவையோ சிஸ்டம் நூலகத்தின் கெட்ஆட்ரின்ஃபோ என்ற அழைப்பு வழியாகக் கேட்கிறது. ஆகவே டிக் தரும் விடைக்கும் சேவைக்குக் கிடைக்கும் விடைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரியான கருவி 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் நோடு2'. ஒரே முகவரி மூன்று வரிகளாக வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்று வகை சாக்கெட்டுகளுக்கும் ஒவ்வொரு வரி. 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்ற எளிய வடிவமும் உண்டு. ஆனால் அது ஐபிவி6 முகவரியை முதலில் தேடி, கிடைத்தால் அதோடு நின்றுவிடும். அதனால் சேவை பார்க்கும் முழுப் பட்டியல் அதில் தெரியாது.

இந்தக் கட்டளையை மூன்று நோடுகளிலும், மூன்று பெயர்களுக்கும் ஓட்டுங்கள். ஒவ்வொரு நோடும் தன் சொந்தப் பெயரையும் கேட்க வேண்டும். மூன்று நோடுகளுக்கு ஒன்பது விடைகள் வரும். அவற்றை மூன்றுக்கு மூன்று கட்டமாகத் தாளில் எழுதுங்கள். புதியவர்கள் தவறாமல் விட்டுவிடுவது மூலைவிட்டத்தில் வரும் மூன்று கட்டங்களைத்தான், அதாவது ஒரு நோடு தன்னைப் பற்றித் தானே சொல்லும் விடையை. கோளாறு பெரும்பாலும் அந்தக் கட்டங்களில்தான் இருக்கும்.

ரூட்டாக ஓட்டியபின், சேவையின் பயனர் கணக்கிலும் அதையே 'சூடூ -யு' கொண்டு ஓட்டுங்கள். இரண்டு விடையும் வேறுபட்டால் 4-ஆம் படியின் கடைசிப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

3. நோடுக்குத் தன் பெயர் தெரிகிறதா

ஒவ்வொரு நோடிலும் இரண்டு கட்டளைகள்: 'யூநேம் -என்', 'ஹோஸ்ட்நேம் -எஃப்'. முதலாவது கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) வைத்திருக்கும் பெயரை அப்படியே சொல்கிறது. இரண்டாவது, அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடி, கிடைத்த முழுப்பெயரைச் சொல்கிறது. முதலாவது சரியாகவும் இரண்டாவது பிழையாகவும் வந்தால் கோளாறு பெயரில் இல்லை, தேடலில் இருக்கிறது.

கெர்னல் பெயராகக் குறும்பெயரை வைப்பதா முழுப்பெயரை வைப்பதா என்பது முடிவில்லாத வாதம். நான் குறும்பெயர் கட்சி. ஆனால் எதை வைத்தாலும் எல்லா நோடிலும் ஒன்றுபோல் வையுங்கள். ஒரு நோடில் நோடு1 என்றும் இன்னொன்றில் நோடு2.கிளஸ்டர்.இன்டர்னல் என்றும் இருந்தால், பெயரைக் கொண்டு உறுப்பினரை அடையாளம் காணும் மென்பொருள்கள் தடுமாறும். செய்தி வரிசை மென்பொருளான ராபிட்எம்க்யூ இதற்கு நல்ல உதாரணம்: அது இயல்பாகக் குறும்பெயரையே எடுத்துக்கொள்ளும், முழுப்பெயர் வேண்டுமென்றால் அதற்கென உள்ள அமைப்பை எல்லா நோடிலும் இயக்க வேண்டும். வேலைகளை நோடுகளுக்கு ஒதுக்கும் ஸ்லர்மிலும் அமைப்புக் கோப்பில் உள்ள நோடுப் பெயர் குறும்பெயரோடு பொருந்த வேண்டும்.

பெயரை மாற்ற வேண்டியிருந்தால் 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். வெறும் 'ஹோஸ்ட்நேம் புதுப்பெயர்' என்று அடித்தால் அடுத்த ரீபூட்டில் பழைய பெயர் திரும்பிவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே தரவு உள்ள நோடின் பெயரை யோசிக்காமல் மாற்றாதீர்கள். ராபிட்எம்க்யூ தன் தரவுக் கோப்புறையின் பெயரிலேயே நோடின் பெயரைச் சேர்த்து வைக்கிறது. பெயர் மாறினால் அது புதிய, காலியான கோப்புறையோடு எழுந்து நிற்கும். தரவு அழிந்துவிட்டது என்று ஒருவர் பதறிப்போய் பேக்கப்பை மீட்டெடுக்கத் தொடங்கியதை நேரில் பார்த்தேன். பழைய கோப்புறை பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது.

4. ஹோஸ்ட்ஸ் கோப்பு: நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

டெபியன், உபுண்டு நிறுவிகள் /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற முகவரிக்கு நேராக அந்த இயந்திரத்தின் பெயரை எழுதிவைக்கும். தனியாக இயங்கும் கணினிக்கு இது நல்ல ஏற்பாடு. நெட்வொர்க் இல்லாவிட்டாலும் அதன் பெயருக்கு விடை கிடைக்கும். கிளஸ்டரில் இதுவே விஷம்.

காரணம் இதுதான். சேவை எழும்போது 'என் பெயர் என்ன, அதற்கு முகவரி என்ன' என்று கேட்கிறது. விடை 127.0.1.1 என்று வருகிறது. அந்த முகவரியில் போர்ட்டைத் திறந்து காத்திருக்கிறது. 127 என்று தொடங்குவது லூப்பேக் முகவரி, இயந்திரம் தன்னையே அழைப்பதற்கானது; அதற்கு வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இன்னும் மோசமாக, சில மென்பொருள்கள் 'நான் 127.0.1.1-இல் இருக்கிறேன்' என்று மற்ற நோடுகளுக்கும் அறிவித்துவிடும். அவை அந்த முகவரிக்குப் போனால் தங்கள் வீட்டுக் கதவையே தட்டுகின்றன. ஹடூப் கிளஸ்டரின் தலைமைச் சேவையான நேம்நோடு இப்படித்தான் உள்ளூரில் நலமாகவும் வெளியில் எட்டாததாகவும் ஆகிறது. மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் கொஞ்சம் கறார்: நோடின் பெயருக்கு லூப்பேக் அல்லாத முகவரி கிடைக்காவிட்டால் அதன் கிளஸ்டர் கோப்பு அமைப்பு எழவே எழாது.

செய்ய வேண்டியது: 127.0.1.1 வரியை எடுத்துவிட்டு, மூன்று நோடுகளின் உண்மையான முகவரிகளையும் மூன்று நோடுகளிலும் எழுதுங்கள். 127.0.0.1 வரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' மட்டும் இருக்கட்டும். அந்த வரியின் கடைசியில் நோடின் பெயரையும் ஒட்டிவைப்பது இன்னொரு பழக்கம். அதுவும் அதே விஷம்தான். ஐபிவி6 லூப்பேக்கான ::1 வரியையும் பார்க்க மறக்காதீர்கள். ஐபிவி4 பக்கத்தைச் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் பலர்.

வரியில் பெயர்களின் வரிசைக்கும் பொருள் உண்டு. முகவரிக்கு அடுத்து வரும் முதல் பெயரே முதன்மைப் பெயர். மற்றவை மாற்றுப் பெயர்கள். ஆகவே 10.20.0.11, பிறகு நோடு1.கிளஸ்டர்.இன்டர்னல், பிறகு நோடு1 என்று எழுத வேண்டும். குறும்பெயரை முன்னால் போட்டால் 'ஹோஸ்ட்நேம் -எஃப்' குறும்பெயரையே திருப்பித் தரும். முழுப்பெயரில் சான்றிதழோ கெர்பரோஸ் (டிக்கெட் வழியே அடையாளம் சரிபார்க்கும் முறை) அடையாளமோ வைத்திருக்கும் சேவை அங்கே உடையும்.

ஒரே பெயர் இரண்டு வரிகளில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பழைய முகவரியை நீக்காமல் கீழே புதியதைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். சில நிரல்கள் முதல் வரியை எடுக்கும், சில இரண்டையும் பெற்றுக்கொண்டு மாறி மாறி முயலும். 'ஒரு சமயம் வேலை செய்கிறது, ஒரு சமயம் இல்லை' என்ற புகாரின் பின்னால் இது அடிக்கடி இருக்கும்.

வலைப்பக்கத்திலிருந்தோ ஆவணத்திலிருந்தோ வரியைப் படியெடுத்திருந்தால், இடைவெளி போலவே தோன்றும் பிரியா இடைவெளிக் குறி உள்ளே வந்திருக்கலாம். நூலகம் அதை இடைவெளியாக மதிக்காது. முகவரியும் பெயரும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. 'கேட்' கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்தோடு ஓட்டினால் விநோதக் குறிகளாக வெளியே வரும்.

கடைசியாக அனுமதி. கோப்பின் அனுமதி 0644 ஆக, அதாவது எல்லோரும் படிக்கும்படி, இருக்க வேண்டும். ரூட் கணக்கின் யூமாஸ்க் (புதிய கோப்பின் அனுமதியைக் குறைக்கும் அமைப்பு) 077 ஆக இருக்கும் சர்வரில், கோப்பை ஸ்கிரிப்ட் புதிதாக எழுதினால் அனுமதி 0600 ஆகிவிடும். ரூட்டுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். சேவையின் பயனரால் கோப்பைப் படிக்கவே முடியாது. 2-ஆம் படியில் இரண்டு பயனராகவும் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் ஆனது. அந்த இரவில் நான் ரூட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

5. திருத்திய கோப்பை யார் மாற்றி எழுதுகிறார்கள்

பூட்டின்போது சர்வரைத் தானாக அமைக்கும் கிளவுட்-இனிட் உள்ள சர்வரில் 'மேனேஜ் இடிசி ஹோஸ்ட்ஸ்' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு பூட்டிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு வார்ப்புருவிலிருந்து புதிதாக எழுதப்படும். நீங்கள் எடுத்த 127.0.1.1 வரி மறுபடி வந்து உட்காரும். கோப்பின் தலையில் உள்ள குறிப்பைப் படித்தாலே இது தெரிந்துவிடும். யாரும் படிப்பதில்லை. அந்த அமைப்பை அணையுங்கள், அல்லது வார்ப்புருவைத் திருத்துங்கள்.

ஆன்சிபிள் போன்ற கருவி கோப்பை நிர்வகித்தால் கையால் திருத்தாதீர்கள், மூலத்தில் திருத்துங்கள். ஒரு நோடில் மட்டும் கையால் செய்த திருத்தம் அடுத்த ஓட்டத்தில் மறைந்துவிடும். அதுவும் நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில்.

6. என்எஸ்ஸ்விட்ச்: யாரிடம் முதலில் கேட்பது

/இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் 'ஹோஸ்ட்ஸ்:' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 'ஃபைல்ஸ்', அதாவது ஹோஸ்ட்ஸ் கோப்பு, முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் போயிருந்தால், நீங்கள் அக்கறையாக எழுதிய ஹோஸ்ட்ஸ் கோப்பை டிஎன்எஸ் முந்திக்கொள்ளும்.

'எம்டிஎன்எஸ்4_மினிமல்' என்ற சொல்லும் அதையடுத்து, கிடைக்காவிட்டால் திரும்பிவிடு என்ற சதுர அடைப்புக்குறி நிபந்தனையும் இருந்தால், '.லோக்கல்' என்று முடியும் பெயர்கள் அங்கேயே நின்றுவிடும். டிஎன்எஸ் சர்வரில் அந்தப் பெயர் சரியாகப் பதிவாகியிருந்தாலும் கேள்வி அதுவரை போகாது. டிக் விடை தரும், சேவைக்கு விடை வராது. '.லோக்கல்' என்பது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென (டிஎன்எஸ் சர்வர் இல்லாமல் உள்ளூர் நெட்வொர்க்கிலேயே பெயர் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது; 2013-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6762 அதைச் சொல்கிறது. டொமைன் பெயரை மாற்ற முடியாத நிலையில் இருப்பவர்கள் சர்வரில் அந்தச் சொல்லையும் அதன் நிபந்தனையையும் நீக்கிவிடலாம். கிளஸ்டர் நோடுக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

'மைஹோஸ்ட்நேம்' என்பதும் சில சர்வர்களில் இருக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் சொந்தப் பெயர் இல்லாதபோது, அந்த இயந்திரத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் அது விடையாகத் தரும். கன்டெய்னர் கருவியான டாக்கரின் உள் நெட்வொர்க் பாலத்துக்கு உள்ள 172.17.0.1 கூட அந்தப் பட்டியலில் வந்துவிடலாம். அந்த முகவரி எல்லா நோடிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சொந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் வெளிப்படையாக எழுதச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

7. இப்போதுதான் டிஎன்எஸ்

கோப்பு வழியில் எல்லாம் சரியாகி, வெளிப் பெயர்களுக்கோ நோடுகளின் முழுப்பெயருக்கோ டிஎன்எஸ் தேவைப்பட்டால் மட்டும் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியலான /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்கு வாருங்கள். அதில் 127.0.0.53 என்று இருந்தால் கோப்பு பழுதாகவில்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற உள்ளூர்ப் பெயர்த் தேடல் சேவை நடுவில் நிற்கிறது. உண்மையான சர்வர்கள் எவை என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். அந்தக் கோப்பு ஒரு குறியிணைப்பாக இருந்தால் அதைக் கையால் திருத்துவது மணலில் எழுதுவதுதான்.

பெயர் கடைசியில் கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 5 வினாடி தாமதமாகிறது என்றால் பட்டியலின் முதல் சர்வர் இறந்துகிடக்கிறது. ஒரு சர்வருக்கு இயல்பான காத்திருப்பு 5 வினாடி, முயற்சி 2 சுற்று. பதில் தராத சர்வரை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான லினக்ஸ்களின் சிஸ்டம் நூலகமான ஜிலிப்சி மூன்று சர்வர்களுக்கு மேல் படிக்காது. நான்காவதாக நல்ல சர்வரைச் சேர்த்துப் பயனில்லை.

குறும்பெயர் டிஎன்எஸ் வழியே கிடைக்க வேண்டுமானால் 'சர்ச்' வரியில் கிளஸ்டரின் டொமைன் இருக்க வேண்டும். எல்லா நோடிலும் ஒரே வரிசையில். வரிசை மாறினால், அதே குறும்பெயர் வேறொரு டொமைனிலும் இருக்கும் நாளில் ஒரு நோடு மட்டும் வேறு சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்.

8. முகவரியிலிருந்து பெயருக்கு

'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் 10.20.0.12' என்று மூன்று முகவரிகளையும் மூன்று நோடுகளிலும் கேளுங்கள். ஹடூப் நேம்நோடு, சேர வரும் டேட்டாநோடின் (தரவை வைத்திருக்கும் நோடின்) முகவரிக்குப் பெயர் கிடைக்காவிட்டால் இயல்பான அமைப்பில் பதிவையே மறுத்துவிடும். கெர்பரோஸும் இயல்பாகவே இந்தத் தேடலைச் செய்து, கிடைத்த பெயருக்கான டிக்கெட்டைக் கேட்கும். பெயர் மாறி வந்தால் இல்லாத அடையாளத்துக்கு டிக்கெட் கேட்டுத் தோற்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பை 4-ஆம் படியில் சொன்னபடி எழுதியிருந்தால் இது தானாகவே சரியாக இருக்கும்.

9. கேஷை காலி செய்து, சேவையை எழுப்புதல்

மேலே எல்லாம் சரியான பிறகே கேஷைத் (முன்பு கிடைத்த விடைகளின் சேமிப்பை) தொடுங்கள். தவறான அமைப்போடு கேஷை காலி செய்தால் தவறான விடையே மீண்டும் நிரம்பும். பெயர் விடைகளைக் கேஷ் செய்யும் என்எஸ்சிடி ஓடுகிறதென்றால் 'என்எஸ்சிடி -ஐ ஹோஸ்ட்ஸ்', ரிசால்வ்ட் என்றால் 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்'. ஜாவா தனக்கென ஒரு கேஷ் வைத்திருக்கிறது. செக்யூரிட்டி மேனேஜர் உள்ள பழைய அமைப்புகளில் அது விடையைக் காலவரையின்றிப் பிடித்துக்கொள்ளும். மறுதொடக்கம் ஒன்றே வழி.

நோடுகளிடையே செய்தி பரிமாறும் கோரோசிங்க் போன்றவை பெயரை எழும்போது ஒருமுறை முகவரியாக்கிக்கொண்டு அதிலேயே நிற்கும். அதன் அமைப்புக் கோப்பில் பெயருக்குப் பதில் ஐபி முகவரியையே எழுதிவிடுவது என் வழக்கம்.

நோடுகளை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்யுங்கள். முந்தையது சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்தது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினால் பெயர்ச் சிக்கலோடு கோரம் (பெரும்பான்மை நோடுகள் இருக்க வேண்டும் என்ற விதி) சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு நோடு எழுந்ததும் 'எஸ்எஸ் -எல்டிஎன்' ஓட்டி, சேவையின் போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே 127 என்று தொடங்கினால் 4-ஆம் படிக்குத் திரும்ப வேண்டும், அல்லது சேவையின் சொந்த அமைப்பிலேயே அந்த முகவரி எழுதப்பட்டிருக்கிறது.

10. கன்டெய்னருக்குள் ஓடும் சேவை

கன்டெய்னருக்குத் தனி ஹோஸ்ட்ஸ் கோப்பும் தனி ரிசால்வ் கோப்பும் உண்டு. வெளியே திருத்தியது உள்ளே தெரியாது. இதுவரை செய்த சோதனைகளை உள்ளே நுழைந்துதான் செய்ய வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தனிக் கோப்பாக உள்ளே மவுன்ட் செய்திருந்தால் ஒரு பொறி இருக்கிறது: 'செட் -ஐ' போன்ற கட்டளைகள் பழைய கோப்பைத் திருத்துவதில்லை, புதிய கோப்பை எழுதிப் பெயரை மாற்றி வைக்கின்றன. கன்டெய்னர் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஆல்பைன் அடிப்படையிலான கன்டெய்னர்களில் ஜிலிப்சிக்குப் பதில் மசல் நூலகம் இருக்கிறது. அது என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் படிப்பதில்லை. 6-ஆம் படியில் செய்தது எதுவும் அங்கே எடுபடாது.

11. அப்போதும் பிடிபடாவிட்டால்

ஒரு நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் 'எஸ்ட்ரேஸ்' கருவியை ஓபன்அட், கனெக்ட் என்ற இரண்டு அழைப்புகளுக்கு மட்டும் வடிகட்டி, அதன் கீழ் 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் நோடு2' ஓட்டுங்கள். எந்தக் கோப்பு எந்த வரிசையில் திறக்கப்படுகிறது, எந்த முகவரியின் 53-ஆம் போர்ட்டுக்குக் கேள்வி போகிறது என்பது வரி வரியாக வரும். என்எஸ்சிடியின் சாக்கெட்டுக்குப் போய் அங்கேயே விடை வாங்கிக்கொண்டால் நீங்கள் பார்ப்பது கேஷின் விடை. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறக்கும்போது அனுமதி மறுப்பு வந்தால் அது 0600 கதைதான்.

கெட்என்ட் சரியாக இருந்தும் சேவை மட்டும் தவறினால், அதே வடிகட்டியைச் சேவையின் மீதே வையுங்கள். கோ மொழியில் எழுதி, சி நூலகம் சேராமல் தொகுக்கப்பட்ட நிரல்கள் தங்கள் சொந்தத் தேடலைச் செய்கின்றன. 'மைஹோஸ்ட்நேம்' போன்ற செருகுநிரல்கள் அவற்றுக்குக் கிடைக்காது. செருகுநிரலைத் தொடாமல் அவை டிஎன்எஸ்ஸுக்குப் போவது எஸ்ட்ரேஸில் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியான பின் ஒரு நோடை ரீபூட் செய்து, 2-ஆம் படியின் ஒன்பது கட்டங்களையும் புதிதாக நிரப்புங்கள். பழைய தாளோடு ஒப்பிடும்போது 127.0.1.1 மறுபடி தலைகாட்டினால், 5-ஆம் படியில் யாரையோ விட்டுவிட்டீர்கள்.